பாறை முழுசும் விழுகிற கேமரா

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் விஸ்வேஸ்வரன் தன் அக்காவின் கணவரிடம் கேட்பார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. பதினோரு வருஷமாக ஹாலாஸ்யம் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லிவந்தார். எண்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில்தான் முதல்முறையாக, கேட்கப்படாமலே, ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு கேமராவின் பெயரும், அது ஏன் வேண்டும் என்பதும், அது கிடைக்காவிட்டால் வேறு எதையும் வாங்கி வர வேண்டாம் என்பதும் இருந்தன.

அவர் ஜில்லா கோர்ட்டில் நகல் பிரிவு எழுத்தர். பழங்காநத்தத்தில் இரண்டு அறை வாடகை வீடு. வரலாறு படித்துவிட்டு, வேறு வேலை அமையாமல், பிறர் எழுதியதைப் பிழையில்லாமல் திரும்ப எழுதும் வேலையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஒரு வரி விட்டுப்போனால் அந்த நகல் செல்லாது. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தப் பழக்கம் ஆபீசை விட்டு வெளியே வந்த பிறகும் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலூர்ப் பக்கமும் கொட்டாம்பட்டிப் பக்கமும் மலை ஏறி, பாறைகளில் வெட்டியிருக்கும் பழைய எழுத்துகளை நோட்டில் வரைந்துகொண்டு வருவார். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. அவர் வரைந்ததை யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை.

கொட்டாம்பட்டியில் திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வரப்பில் ஒரு மணி நேரம் நடந்தால் கூகைப்பாறை. உயரமான மலை இல்லை. ஒரு பக்கம் யானை படுத்ததுபோல் சரிந்து, மறுபக்கம் கீழே குடைந்து, இருபது பேர் படுக்கக்கூடிய ஒரு குகை; ஊரில் பொடவு என்பார்கள். தரையில் வழுவழுவென்று தேய்த்த ஏழு கல் படுக்கைகள். பொடவின் வாய்க்கு மேலே, உள்பக்கமாக, ஒரே வரியில் பதினேழு எழுத்துகள். கொற்றன் என்று ஒருவன் இந்தப் படுக்கைகளை வெட்டிக் கொடுத்தான் என்பதுதான் செய்தி. வெட்டு ஆழமில்லை, நகம் பதியும் அளவுதான். எந்தப் புத்தகத்திலும் அந்த வரி இல்லை என்பதை ஹாலாஸ்யம் சிம்மக்கல் நூலகத்தில் மூன்று மாதம் தேடி உறுதி செய்துகொண்டார்.

அவருக்கு அதைக் காட்டியவன் சின்னான். பாறைக்குக் கீழே இருக்கும் கண்மாய்த் தண்ணீரை நம்பி, அரசாங்கம் கொடுத்த முக்கால் ஏக்கரில் முதல்முறையாகச் சொந்தமாக நெல் போட்டவன். அவனுடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். மழை பெய்தால் பாறையில் விழும் தண்ணீர் மொத்தமும் வழிந்து கண்மாய்க்குத்தான் வரும். அதனால் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் சின்னானுக்குத் தெரியும். மழைக்கு ஒதுங்கிப் படுத்தபோது மேலே பார்த்ததாகவும், எறும்பு ஊர்ந்த தடம் என்று முதலில் நினைத்ததாகவும் சொன்னான்.

எண்பத்தைந்தில் ஒரு கல் ஒப்பந்தக்காரர் கூகைப்பாறையைக் குத்தகைக்குக் கேட்டு மனுப் போட்டார். ஹாலாஸ்யமும் சின்னானும் எதிர்மனுப் போட்டார்கள். ஹாலாஸ்யம் தன்னிடம் இருந்த ஜெனித் கேமராவால் எழுத்துகளை எடுத்து மனுவோடு வைத்தார். பொடவுக்குள் எட்டு அடிக்கு மேல் பின்னால் போக முடியாது. பின்சுவர் முதுகில் இடிக்கும். அந்தத் தூரத்தில் ஜெனித்துக்குள் ஐந்து அடிதான் அடங்கும். எழுத்தோ பத்து அடி நீளம். சாய்வும் தூரமும் சரியாக வர வேண்டும் என்று கிட்டே போய்த் துண்டு துண்டாக ஏழு படம் எடுத்தார். எழுத்து எடுப்பாகத் தெரிவதற்காகச் சாக்பீஸைப் பொடித்துக் குழிகளில் மட்டும் தடவினார். சின்னான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

தாலுகா ஆபீசில் அந்தப் படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பிப் பார்த்தார்கள். இது ஏழும் ஒரே பாறைதான் என்பதற்கு என்ன ஆதாரம், அந்தப் பாறை இந்தச் சர்வே நம்பரில்தான் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். எழுத்து, படுக்கை, பின்னால் கண்மாய், எல்லாம் ஒரே படத்தில் இருக்கட்டும், கொண்டு வாருங்கள், அதன் பிறகு நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். ஹாலாஸ்யம் கோபப்படவில்லை. நகல் எழுதுகிறவருக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

இதற்கு நடுவில் அவருக்கு நெஞ்சுவலி வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்தபோது இடது கையின் வலு பாதியாகிவிட்டது. தம்ளரைப் பிடித்தால் நடுங்கும். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல் படுக்கையில் மல்லாந்து படுத்து, ஒரு கிலோ ஜெனித்தை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடிப்பது இனி நடக்காது. அதற்கு அகல லென்ஸ் ஒன்று தேடி டவுன்ஹால் ரோடு முழுக்க அலைந்த கதையும் முன்பே முடிந்திருந்தது. மதுரையில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்களே இல்லை.

அதனால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறக்கூடிய, ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடிய, எட்டு அடியில் பத்து அடியை அடக்கக்கூடிய ஒரு கேமரா அவருக்கு வேண்டியிருந்தது. நூலகத்தில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக எடுத்துவைத்துக்கொண்டு விளம்பரங்களைப் படித்தார். சின்னக் கேமராக்கள் நிறைய இருந்தன. ரோலை கையடக்கமாக இருந்தது, ஆனால் அதன் லென்ஸ் நாற்பது மில்லிமீட்டர்; எண் குறையக் குறையத்தான் அகலம் கூடும். மினாக்ஸ் முப்பத்தைந்து, இருநூறு கிராம்தான். கடைசியில் போன வருஷத்து இதழ் ஒன்றின் பின்பக்கத்தில் ஒலிம்பஸ் ஒன்றைக் கண்டார். அதுவும் கையில் மறையும் அளவுதான், லென்ஸ் இருபத்தெட்டு.

எது போதும் என்பதைக் கணக்குப் போட்டு அறிய அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஃபிலிமின் அளவுக்கே, முப்பத்தாறுக்கு இருபத்துநாலு மில்லிமீட்டர், ஒரு சன்னல் வெட்டினார். அட்டையில் ஒரு நூலைக் கட்டி இருபத்தெட்டிலும் முப்பத்தைந்திலும் நாற்பதிலும் முடிச்சுப் போட்டார். கண்ணுக்கும் அட்டைக்கும் இடையில் அந்தத் தூரம் இருந்தால், அந்த லென்ஸ் பார்ப்பதைத்தான் சன்னலும் காட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆறாவது வாரம் மனைவி ஸ்யாமளாவிடம் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கூகைப்பாறைக்குப் போனார். வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்தார். கடைசி ஏற்றத்தில் சின்னான் அவரை ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் போனான்.

பின்சுவர் ஓரமாக இருந்த படுக்கையில் படுத்து, முடிச்சைக் கன்னத்து எலும்பில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நாற்பதில் ஐந்து எழுத்து வெளியே போனது. முப்பத்தைந்தில் மூன்று. இருபத்தெட்டில் பதினேழும் உள்ளே வந்தன. கீழே படுக்கைகளும், பொடவின் வாய் வழியாகக் கண்மாயின் கரையும் மடையும் தெரிந்தன. ஒரு காட்டுக் கருவேலப் புதர் மட்டும் பாதிக் கண்மாயை மறைத்தது. அவர் அப்படியே வெகுநேரம் படுத்திருந்தார். என்ன சார் தெரியுது என்று சின்னான் பயந்துபோய்க் கேட்ட பிறகுதான் எழுந்தார்.

அட்டையை அவனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இது மாதிரி பார்க்கிற கேமரா ஒன்று வரப்போகிறது என்றார். "ஒய்டு கேமரா, சின்னான். ஒய்டா இருந்தாத்தான் எல்லாம் தெளிவா விழும். இத்தனை நாள் அது இல்லாமத்தான் கஷ்டப்பட்டோம்."

"ஒய்ட்டு," என்றான் சின்னான், மனதில் பதித்துக்கொள்வதுபோல. "அப்ப இனிமே சாக்பீஸு தேய்க்க வேணாம்ல சார்."

வேண்டாம் என்று ஹாலாஸ்யம் சிரித்தார். சின்னானும் சிரித்தான்.

சித்திரை முதல் வாரத்தில் விஸ்வேஸ்வரன் கேமராவோடு வந்தார். ஹாலாஸ்யம் கூடத்து விளக்கின் கீழ் உட்கார்ந்து அதன் மூடியைத் தள்ளித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இடது கையால் பிடித்துப் பார்த்தார், நடுங்கவில்லை. ஸ்யாமளா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தனை பெரிய கடுதாசி போட்டேள்? சோப்பு டப்பா மாதிரின்னா இருக்கு. இதுக்குள்ள ஒரு மலை போறதாக்கும்."

"மலை போகாது. பத்து அடி போகும். அது போறும்."

"எனக்கென்னமோ நீங்க போகாம இருந்தாப் போறும்னு தோணறது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தாலுகா ஆபீசில் நச்சரித்து ஒரு தேதி வாங்கினார். புதன்கிழமை காலை வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். அன்றைக்கே படமும் எடுத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு வெயில் பொடவுக்குள் நேராக நுழைந்து தரையில் பட்டு மேலே எகிறும். அரை மணி நேரத்துக்கு எழுத்துகள் மையால் எழுதியதுபோல நிற்கும். கேமரா, வெளிச்சம், அதிகாரி மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில். அவருடைய வாழ்க்கையில் அப்படி எதுவும் கூடி வந்ததில்லை.

சின்னானுக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டார். சின்னானுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்; ரேஷன் கடை வீரணன்தான் படித்துச் சொல்வான். இடம் நெருக்கமான கார்டு என்பதால் சுருக்கமாக எழுதினார். ஒய்டு கேமரா வந்துவிட்டது. புதன்கிழமை காலை அதிகாரியை அழைத்து வருகிறேன். கேமராவுக்குத் தக்கபடி இடத்தைத் தயார் செய்து வைக்கவும். கருவேலப் புதரை வெட்டி வைக்க வேண்டும் என்பதைத்தான் அவர் அப்படி எழுதினார். புதர் என்ற சொல்லை எழுதவில்லை. அன்றைக்குப் படுத்துப் பார்த்தபோது கூடவே இருந்தவன்தானே, தெரியும் என்று நினைத்தார்.

செவ்வாய் இரவே மேலூருக்கு வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் ஆய்வாளரின் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார். ஆய்வாளர் மோசமான மனிதர் இல்லை. வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். மலை ஏறும்போது இவருக்காக நின்று நின்று வந்தார். கடைசி ஏற்றத்தில், கீழே நின்று பார்த்தபோதே, பாறையின் வாயில் என்னவோ பளிச்சென்று தெரிந்தது. வெயில் என்று ஹாலாஸ்யம் நினைத்தார்.

பொடவு முழுக்க வெள்ளை அடித்திருந்தது. தரைப் படுக்கை ஏழும், பின்சுவரும், மேல் விளிம்பும், அந்தப் பத்து அடியும். அரைகுறையாக இல்லை, இரண்டு பூச்சு, சிந்தாமல் சிதறாமல், பொங்கலுக்கு வீட்டுக்கு அடிப்பதுபோல. வாசலில் சின்னானும் அவன் மனைவி முருகம்மாளும் குளித்து, தலை வாரி நின்றுகொண்டிருந்தார்கள். முருகம்மாளின் விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு அரித்துப் புண்ணாகியிருந்தது. புதர் அப்படியே இருந்தது.

"ரெண்டு நாள் வேலை சார்," என்றான் சின்னான். "கடைக்காரக சொன்னாக, நனைஞ்சா உதிரும்னு. அதான் வச்சிரக் கோந்து காய்ச்சி ஊத்திக் கலந்தோம். அன்னைக்கு நீங்க சாக்பீஸு தேய்ச்சதுக்கே எழுத்து எந்திரிச்சு நின்னுச்சு. ஒய்ட்டு கேமராவுக்கு அம்புட்டும் வெள்ளையா இருந்தா எப்படி இருக்கும்னு இவதான் சொன்னா."

ஒய்டுக்கு அகலம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஹாலாஸ்யத்துக்கு அந்தச் சொல் இரண்டாயிரம் வருஷத்து எழுத்திலும் எழுத வரும். அவர் சின்னானின் முகத்தைப் பார்த்தார், முருகம்மாளின் கையைப் பார்த்தார். நல்லா அடிச்சிருக்கீங்க என்று சொன்னார். 

ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்பைத் தொட்டு விரலை முகர்ந்தார். எந்தச் சாமி என்று கேட்டார். சாமி இல்லை, எழுத்து என்றார் ஹாலாஸ்யம். எங்கே எழுத்து என்றார் ஆய்வாளர். வெயில் சரியாக ஏழு மணிக்கு உள்ளே நுழைந்து, தரையில் பட்டு மேலே எகிறியது. விளிம்பு முழுக்கக் கண் கூசியது. ஒரு குழி, ஒரு கோடு, எதுவும் இல்லை.

ஹாலாஸ்யம் ஏணி மேல் ஏறினார். வீட்டுச் சாவியால் முதல் எழுத்து இருந்த இடத்தைச் சுரண்டினார். கோந்து கலந்த சுண்ணாம்பு கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. சாவி வழுக்கியது. மறுபடி சுரண்டினார். ஒரு கோடும் அதற்குக் குறுக்கே இன்னொன்றும் வெளியே வந்தன. மூச்சு வாங்கியது. இதோ, ககரம், கொற்றன் என்ற பெயரின் முதல் எழுத்து என்று காட்டினார்.

"சார்," என்றார் ஆய்வாளர், தணிந்த குரலில், "என் கண்ணு முன்னாடி நீங்களே சாவியால ஒரு கூட்டல் குறி போட்டுட்டு, இது பழைய எழுத்துன்னா நான் எப்படி எழுதுறது?"

சின்னான் அப்போதுதான் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று உணர்ந்தவன்போல முன்னால் வந்து, அழிச்சுரவா சார் என்று கேட்டான். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தால் மத்தியானத்துக்குள் போய்விடும் என்றான். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் மூன்று ஊர் இருந்தது. அவர் கீழே இறங்கத் தொடங்கியபோது, ஹாலாஸ்யம் பின்சுவர் ஓரமாகப் போய்ப் படுத்து, ஒற்றைக் கையால் கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தார். எதற்காக எடுத்தார் என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை.

ஆய்வறிக்கையின் நகல் வைகாசியில் வந்தது. அவர் அதைப் பிழை பார்க்கிறவர்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். மேற்படி புறம்போக்குப் பாறையில் எழுத்து எதுவும் காணப்படவில்லை. மனுதாரர்கள் இடத்துக்கு அண்மையில் வெள்ளையடித்து, வழிபாட்டிடம் போலத் தோற்றம் ஏற்படுத்தி, ஆக்கிரமிக்க முயன்றது தெரிகிறது. இனி மேற்படியார்கள் அங்கே நுழையாதபடி பார்த்துக்கொள்ளவும். ஒரு வரிகூட பொய் இல்லை. பார்த்தவர் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தார்.

அதற்கு மேல் ஹாலாஸ்யம் செய்யவேண்டியதை எல்லாம் செய்தார். மெட்ராஸுக்கு மூன்று மனு எழுதினார். முழுப் புகைப்படம் அனுப்பவும் என்று ஒரு பதில் வந்தது. அவரிடம் முழுப் புகைப்படம் இருந்தது. கழுவிப் பிரிண்ட் போட்டு வந்திருந்தது. நல்ல கூர்மை, நல்ல வெளிச்சம். பொடவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, படுக்கைகள், கருவேலப் புதர், அதற்கு மேல் மீதிக் கண்மாய், இறங்கிப் போகிற ஆய்வாளரின் முதுகு, ஏணியைப் பிடித்துக்கொண்டு எதுவும் புரியாமல் நிற்கிற சின்னான், எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. மேலே பத்து அடிக்கு ஒரே வெள்ளை. அவர் அதை அனுப்பவில்லை. ஆனியில் ஒப்பந்தக்காரருக்குக் குத்தகை கிடைத்தது. வழக்கு வந்த இடம் என்பதால் பொடவிலிருந்தே வேலையைத் தொடங்கினார்கள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னான் பழங்காநத்தம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தான். அதுவரை அவன் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் கொண்டுவந்திருந்தான். வாசலிலேயே நின்றான். ஹாலாஸ்யம் இரண்டு முறை சொன்ன பிறகு உள்ளே வந்து தரையில் உட்காரப் போனான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்யாமளா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

பேச்சு வெகுநேரம் மழையைப் பற்றியே இருந்தது. பாறையில் முதல் வெடி வைத்ததும் தண்ணீர் வழி மாறிவிட்டதாம். இந்த வருஷம் பெய்த மழை கண்மாய்க்கு வராமல் கல்குழியில் தேங்கி நிற்கிறதாம். நெல் போடவில்லை. அவனும் முருகம்மாளும் கல்லுடைக்கிற வேலைக்குத்தான் போகிறார்கள், கூலி பரவாயில்லை. இதை எல்லாம் அவன் குறையாகச் சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய ஊர்ச் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னான். வந்த விஷயத்துக்கு வருவதற்கு அவனுக்குக் காபி முழுதும் தீர வேண்டியிருந்தது.

"சார், ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. நாங்க வெள்ளையடிச்சதுனாலதான் கேசு போச்சுன்னு வீரணன் சொல்லிக்கிட்டுத் திரியிறான். வீட்டுல இவ மூணு மாசமா சரியாச் சோறு திங்க மாட்டேங்கிறா. நீங்க ஒண்ணும் சொல்லலை. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அன்னைக்கு எடுத்தீகளே, அந்தப் படத்துல எழுத்து விழுந்துச்சா?"

இருபத்தெட்டு வருஷம் உள்ளதை உள்ளபடி எழுதியவர் ஹாலாஸ்யம். அவர் ஸ்யாமளாவைப் பார்க்கவில்லை.

"விழுந்தது," என்றார். "பதினேழும் விழுந்தது. நீங்க அடிச்ச வெள்ளையில இன்னும் எடுப்பாத்தான் இருந்தது."

சின்னான் தலையை ஆட்டினான். அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அம்புட்டும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுமா சார் ஒடைக்கிறாக?"

ஹாலாஸ்யம் ஆமாம் என்றார்.

 முருகம்மாளிடம் சொல்லிவிடுகிறேன் என்றான் சின்னான். எழுந்து, போறேன் சார், போறேம்மா என்று இருவருக்கும் சொல்லிவிட்டு, காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முதலில் வலது பக்கம் போய், திரும்பி வந்து, இடது பக்கம் போனான். ஹாலாஸ்யம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு வழி சொல்லியிருக்கலாம். 

"அவன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னேள்?" என்று ஸ்யாமளா கேட்டாள்.

அவர் உள்ளே போய் வெள்ளரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். சின்னச் சின்னதாக, தண்ணீர் காணாமல் வளைந்து, காம்புப் பக்கம் வெம்பிப் போனவை. அந்த முக்கால் ஏக்கரில் கடைசியாக விளைந்தவை அவைதான் என்று அவருக்குத் தோன்றியது. அன்று இரவு ஸ்யாமளா அவற்றை அரிந்து வைத்தபோது, கசக்கும் என்று தெரிந்தே, ஒன்றையும் மீதி வைக்காமல் தின்றார்.